அறுக்கப்பட்ட லீ-என்ஃபீல்டுக்கு மாற்று மரச் செட்: எங்கே தேய்க்கணும், எங்கே கை வைக்கக் கூடாது?

ஜனவரி 11 | ஒன்டாரியோக் கட்டை

1943-இல் கனடாவின் லாங் பிராஞ்ச் தொழிற்சாலை செய்த லீ-என்ஃபீல்டு ராணுவத் துப்பாக்கி, நம்பர் 4 மார்க் 1*. எப்பவோ ஒரு புண்ணியவான் மான் வேட்டைக்குக் கனம் குறையட்டும்னு குழலுக்கு அடியில் ஓடும் முன்கட்டையைப் பாதியில் அறுத்து, குழலை மேலே மூடும் கைக்காப்பு ரெண்டையும் தூக்கி எறிஞ்சிருக்கார். குழலில் கை வைக்கலை. பயனெட் மாட்டும் காதுகள் அப்படியே இருக்கு. இப்போ பழைய முழு மரச் செட் ஒண்ணு வாங்கியாச்சு: முன்கட்டை, கைக்காப்பு ரெண்டு, தோளில் வைக்கும் பின்கட்டை, வளையங்கள், ஒரு பொட்டலம் ஸ்க்ரூ. "அப்படியே உட்காரும்"னு சொல்லி வித்தாங்க. உட்காரலை. பின்பக்கம் இறுக்கமா நிக்குது, முன்பக்கம் குழல் ஒரு ஓரமா சாயுது. நல்லா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, எண்ணெய் விட்டு, ஸ்க்ரூவை இறுக்கினா சரியாகுமா?

ஜனவரி 11 | உளிச்சத்தம்

எண்ணெய் டப்பாவை மூடுங்க. உப்புத்தாளை வேற அறைக்குக் கொண்டு போய் வைங்க.

செட் வாங்குறவங்க எல்லாரும் வெளிப்பக்கத்தில் ஆரம்பிச்சு உள்பக்கத்தில் மாட்டிக்கிறாங்க. இந்தத் துப்பாக்கியில் மரம் செய்யும் வேலை முக்காலும் ரெண்டு இடத்தில்தான். முன்கட்டையின் பின்முனையில் இருக்கும் ரெண்டு தாங்குமுகங்கள் ஒண்ணு, ஆர்மரர்கள் (ராணுவத் துப்பாக்கி பழுது பார்ப்பவர்கள்) இதை ட்ராஸ்னு சொல்வாங்க. மூக்குப் பக்கம், அதாவது முன்கட்டையின் முன்முனையில், குழல் அமரும் ஒரு விரல் அகல இடம் இன்னொண்ணு. சுடும்போது பாடி, அதாவது குழலுக்குப் பின்னால் இருக்கும் இரும்பு உடல், பின்னால் உதைக்கும். அந்த உதையை முன்கட்டைக்குக் கடத்துறது ட்ராஸ்தான். அது ரெண்டு பக்கமும் சமமா ஒட்டலைன்னா, ஒட்டுற பக்கம் மட்டும் அடி வாங்கி, கொஞ்ச நாளில் பின்முனை நார் ஓட்டத்திலேயே பிளக்கும். மேலே எவ்வளவு பளபளப்பு இருந்தாலும் இதைக் காப்பாத்தாது.

வரிசை இதுதான்: துப்பாக்கி காலின்னு உறுதி பண்ணி, தோட்டாவை அடைக்கும் துப்பாக்கி போல்ட்டை வெளியே எடுங்க. பின்கட்டையை மாட்டுங்க. அப்புறம் முன்கட்டையின் பின்முனை. அப்புறம் குழலின் தடித்த பகுதி உட்காரும் இடம். அப்புறம் மூக்கு. கைக்காப்பு அதுக்கும் அப்புறம். எண்ணெய் கடைசி.

ஒரு எச்சரிக்கை. முன்கட்டை இருக்கும்போது பின்கட்டையைப் பாடியோடு பிடிக்கும் நீள போல்ட்டைத் திருப்பாதீங்க. போல்ட்டின் சதுர முனை முன்கட்டைக்குள் இருக்கும் தகட்டில் பூட்டியிருக்கும். திருப்பினா முன்கட்டையின் பின்பக்கம் வெடிக்கும்.

ஜனவரி 12 | சுத்தியல்

உளி, அந்தச் சதுர முனையும் தகடும் நம்பர் 1 கதை. அவர் வச்சிருக்கிறது நம்பர் 4.

ஜனவரி 12 | உளிச்சத்தம்

சரி. திருத்திக்கிறேன். சதுர முனை பூட்டுற ஏற்பாடு எஸ்எம்எல்இ-க்கு, அதாவது நம்பர் 1-க்கு. நம்பர் 4-இல் போல்ட் தளராம இருக்க வாஷர்தான் இருக்கு. ஆனாலும் முன்கட்டையை முதல்ல கழட்டுற பழக்கத்தை விட வேண்டாம். நாளைக்கே இந்தியாவின் இஷாப்பூர் தொழிற்சாலைத் துப்பாக்கி ஒண்ணு கைக்கு வந்தா, பழக்கம்தான் காப்பாத்தும்.

முன்கட்டையை எடுக்கும் விதம்: வளையங்கள், கைக்காப்புகள், ட்ரிகர் கார்டு ஸ்க்ரூ ரெண்டு, கார்டு, எல்லாம் போன பிறகு கட்டையை நேர் கீழே இழுக்கணும். முன்னும் பின்னும் ஒரே அளவா. மூக்கைப் பிடிச்சுக் கீழே அமுக்கி நெம்பினா பின்முனை ட்ராஸ் ஓரம் உடைஞ்சு கையோட வரும். வரலைன்னா பாடிக்குப் பக்கமா, கட்டையைக் கீழ்நோக்கி ரப்பர் சுத்தியலால் மெதுவா தட்டுங்க.

ஜனவரி 12 | உளிச்சத்தம்

பின்கட்டை பற்றி விட்டுட்டேன்.

பின்கட்டைக்குள் குழாய் மாதிரி ஒரு துளை. அதன் அடியில் நீளமான போல்ட். அதுக்கு மேலே தோல் அடைப்பு ஒண்ணு திணிச்சிருப்பாங்க. அதை முதல்ல கொக்கி போட்டு வெளியே இழுங்க. இழுக்காம ஸ்க்ரூ டிரைவரை விட்டா, தோல் பக்கவாட்டில் நெருக்கி, போல்ட் திரும்பும் முன்னாடி மரம் திரும்பி விரியும். டிரைவர் முனை போல்ட்டின் காடி அகலத்துக்கே இருக்கணும். ஒடுக்கமான முனை வழுக்கித் துளையின் சுவரைக் குத்தும்.

புதுப் பின்கட்டை சாக்கெட்டுக்குள் (பாடியின் பின்னால் இருக்கும் இரும்புக் கூடு) போகும்போது, கடைசி ஒரு சென்டிமீட்டருக்குச் சுத்தியல் தட்டு கேட்கணும். கையாலேயே முழுசா போய்ட்டா அது தளர்வு. போகவே மாட்டேன்னா அடிச்சு இறக்காதீங்க. சாக்கெட்டின் உள்ளே விளக்குக்கரியும் எண்ணெயும் குழைச்சு மெலிசா தடவுங்க. கட்டையை விட்டு ஒரு தட்டு, உருவிப் பாருங்க. கரி ஒட்டின இடத்தை மட்டும் சுரண்டியால் ஒரு சீவு. திரும்ப. பத்துப் பதினைஞ்சு முறை போகும். முக்கியமா கட்டையின் முன்முகம் சாக்கெட்டின் அடித்தளத்தைத் தொடணும். பக்கச் சுவரில் மட்டும் தொங்கினா, பத்து ரவுண்டு சுட்டதும் ஆட ஆரம்பிக்கும்.

அளவையும் பாருங்க. பின்கட்டை நாலு நீளத்தில் வரும். குறி இல்லாதது அல்லது N சாதாரணம். S அதைவிட அரை அங்குலம் குட்டை. L அரை அங்குலம் நெட்டை. B ஒரு அங்குலம் குட்டை. செட் விற்கிறவங்க பொட்டலத்தில் எதைப் போட்டாங்கன்னு திறந்துதான் தெரியும்.

ஜனவரி 14 | ஒன்டாரியோக் கட்டை

L. நான் ஐந்தடி நாலு. சரி, விடுங்க. சாக்கெட் வேலை முடிஞ்சது. அடுத்தது?

ஜனவரி 14 | சுத்தியல்

ஐந்தடி நாலுக்கு L-ஆ? தோளில் வைக்கிறதுக்குப் பதில் மடியில வச்சுக்கோங்க.

ஜனவரி 15 | உளிச்சத்தம்

ட்ராஸ். கவனமா படிங்க, இங்கேதான் செட்டு வீணாகும்.

பாடியில் ட்ராஸ் மோதுற இரும்பு முகங்கள் ரெண்டு. அதில் கரிக் குழம்பு. நிஜமா மெலிசா, விரலில் எடுத்து முகப்பவுடர் தொட்ட மாதிரி. முன்கட்டையை நேரா மேலே ஏத்தி, கையால் நல்லா அமுக்குங்க. இறக்குங்க. மரத்தின் ரெண்டு முகத்தையும் வெளிச்சத்தில் சாய்ச்சுப் பாருங்க.

முதல் முறை பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும், அதுவும் மேல் மூலையில், மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு. அந்த மிளகுதான் முழு உதையையும் வாங்கிட்டு இருந்தது. அதைச் சீவுங்க. அரத்தால் தேய்க்காதீங்க, அரம் முகத்தை உருண்டையாக்கும். கூரான தட்டை உளியைச் செங்குத்தா பிடிச்சு, சுரண்டி மாதிரி ஒரு இழுப்பு. மாவு மாதிரி வரணும், சுருள் வந்தா ஆழமா போய்ட்டீங்க. அடுத்த முறை கறுப்பு ரெண்டா பிரியும். அப்புறம் மறு பக்கத்திலும் ஒரு புள்ளி தெரியும். ரெண்டு முகத்திலும் பாதிக்கு மேல் பரவலா கறுப்பு வந்தா நிறுத்துங்க. முழு முகமும் கறுப்பாகட்டும்னு ஆசைப்பட்டு இன்னும் ரெண்டு சீவு சீவினா, கட்டை தளர்ந்து ஆட ஆரம்பிக்கும். கட்டை சாக்கெட்டையும் தொடக் கூடாது. முன்கட்டையின் பின்விளிம்புக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் ஒரு அட்டை நுழையும் சந்து வேணும். சந்து இல்லாம கட்டை ஆடினா அந்த மெல்லிய விளிம்பு சாக்கெட்டில் மோதும். அது சில்லு சில்லா பெயரும்.

நல்ல பொருத்தத்துக்கு ஒரு சோதனை: ட்ரிகர் கார்டு, ஸ்க்ரூ எதுவும் இல்லாம முன்கட்டையை மட்டும் ஏத்துங்க. துப்பாக்கியைத் தூக்கிப் பிடிச்சா கட்டை கழண்டு விழக் கூடாது. எடுக்கணும்னா தட்டி எடுக்கணும்.

(கீழே மெத்தை போட்டுட்டுச் சோதிங்க. சோதனைன்னாலே விழுறதுக்கும் வாய்ப்பு உண்டுன்னு அர்த்தம்.)

ஜனவரி 15 | நீலமலை

சிட்னியிலிருந்து. என்னது 1944-இல் ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை செய்தது, நம்பர் 1 மார்க் 3*. முன்கட்டையில் ட்ராஸ் இடத்தில் செம்புத் தகடு மாதிரி ரெண்டு துண்டு இருக்கு. யாராவது பின்னாடி வச்ச ஒட்டா? எடுத்துடலாமா?

ஜனவரி 15 | உளிச்சத்தம்

எடுக்காதீங்க! அது தொழிற்சாலையே வச்சது. லித்கோவில் போர்க் காலத்தில் கோச்வுட் போட்டாங்க. லேசான, மென்மையான மரம். உதை வாங்கினா நசுங்கும். அதுக்குத்தான் அந்தச் செம்பு. தகடு ஆடுதான்னு மட்டும் பாருங்க. ஆடினா பின்னால் இருக்கும் மரம் நசுங்கியிருக்கும். தகட்டுக்குப் பின்னால் மெல்லிய எபாக்ஸிப் படுகை போட்டுத் திரும்ப உட்கார வைக்கலாம். கோச்வுட் தூள் மூக்கை அரிக்கும், முகமூடி போடுங்க.

உங்க கட்டைக்குத்தான் அந்தச் சதுர போல்ட் விதி பொருந்தும். ஜனவரி 11 குறிப்பு வீணாகலை.

ஜனவரி 18 | ஒன்டாரியோக் கட்டை

இடது முகம் நல்லா கறுப்பு வருது. வலது முகம் ஏற்கெனவே யாரோ சீவி ஆழமாக்கிட்டாங்க, ஒன்றரை மில்லிமீட்டர் பள்ளம். இடதை அந்த அளவுக்கு இறக்கினா கட்டையே தளர்ந்திடும்.

ஜனவரி 18 | சுத்தியல்

தீப்பெட்டி அட்டையை வலது பக்கம் செருகு.

ஜனவரி 19 | உளிச்சத்தம்

அட்டை ஒரு மழை வரைக்கும். நனைஞ்சா கூழ். செருகாதீங்க.

ஒட்டுத் துண்டு வைங்க. வலது முகத்தை ஒரு 5 மி.மீ. பின்னுக்குச் செங்குத்தா வெட்டி, தட்டையா ஆக்குங்க. காஞ்ச வால்நட் அல்லது மேப்பிள் துண்டு, தேவையானதை விட 1 மி.மீ. தடிமனா. நார் ஓட்டம் துப்பாக்கியின் நீளவாக்கில் போகணும். அதாவது இரும்பை எதிர்கொள்வது நாரின் வெட்டுமுனை. நாரைக் குறுக்கா வச்சு ஒட்டினா துண்டு சுட்ட அப்பளம் மாதிரி அடுக்கடுக்கா போகும். இதைத்தான் பாதிப் பேர் மாத்தி வைக்கிறாங்க.

பழைய மரத்தில் எண்பது வருஷத்து எண்ணெய் ஊறியிருக்கு. அது மேலே எபாக்ஸி பிடிக்காது. வெட்டின புது முகத்தை அசிட்டோன் நனைச்ச துணியால் நாலைஞ்சு முறை துடைங்க. துணியில் மஞ்சள் வர்றது நிக்கிற வரைக்கும். ஜன்னலைத் திறந்து, அடுப்பு ஹீட்டர் பக்கத்தில் இல்லாம. மெதுவா இறுகும் எபாக்ஸி எடுங்க, அஞ்சு நிமிஷ வகை வேண்டாம், அது காலப்போக்கில் நொறுங்கும். 24 மணி நேரம் அப்படியே. இரும்பின் மேல் எபாக்ஸி ஒட்டாம இருக்க ஷூ பாலிஷ் ரெண்டு கோட்டு. மூலை முடுக்கு, ஸ்க்ரூத் துளை எல்லாத்திலும். ஒரு துளை விட்டாலும் கட்டையும் பாடியும் ஒரே பொருளாகிடும்.

அப்புறம் திரும்பவும் கரி, சீவு, கரி, சீவு.

ஜனவரி 26 | உளிச்சத்தம்

பதிலே காணோம். ஒட்டி முடிஞ்சிருக்கும்னு வச்சுக்கிட்டு மேலே போறேன்.

ட்ரிகர் கார்டின் முன் ஸ்க்ரூ போகும் துளையில் ஒரு சின்ன இரும்புக் காலர் இருக்கணும். செட்டில் காணாம போறது பெரும்பாலும் அதுதான். அது இல்லாம ஸ்க்ரூவை இறுக்கினா மரம் நசுங்கிக்கிட்டே போகும். இறுக இறுக முடிவே இல்லாத மாதிரி இருந்தா காலர் இல்லைன்னு அர்த்தம். காலர் நீளமா இருந்தா எதிர்ப் பிரச்சினை: ஸ்க்ரூ கல் மாதிரி இறுகும், கட்டை மட்டும் லேசா ஆடும். காலர் மரத்தை விட ஒரு மயிரிழை குட்டையா இருந்தா, கடைசி கால் திருப்பில் மரம் இறுகி, சட்டுனு நிக்கும். அந்தச் "சட்டுனு" தான் வேணும்.

மூக்கைக் கவனிச்சுக்கிட்டே அந்த ஸ்க்ரூவை இறுக்கித் தளர்த்திப் பாருங்க. தளர்த்தும்போது மூக்குப் பக்கம் கட்டை குழலை விட்டு மேலும் கீழும் எக்கினா, பாடிக்கு அடியில் மரம் ஒழுங்கா உட்காரலை. குழலின் தடித்த பகுதி, பாடிக்கு உடனே முன்னால் இருக்கிறது, கட்டையில் முழு நீளமும் கறுப்பு காட்டணும். ஆனா அங்கே குழி தோண்டாதீங்க. தோண்டினா மூக்கு அழுத்தம் போயிடும்.

மூக்கு அழுத்தம்: நம்பர் 4-க்கு 2 முதல் 7 கிலோ. மரம் குழலை அந்த அளவு மேலே தள்ளிக்கிட்டு இருக்கணும். தடித்த பகுதிக்கும் மூக்குக்கும் நடுவில் குழல் எதையும் தொடக் கூடாது.

ஜனவரி 26 | சுத்தியல்

7 கிலோவா? குழலா, கிணத்து வாளியா?

ஜனவரி 26 | உளிச்சத்தம்

பவுண்டு. பவுண்டு! 2 முதல் 7 பவுண்டு. கிலோவில் 0.9 முதல் 3.2. பெட்டி எடை போடும் கைத் தராசு போதும்.

அளக்கும் விதம்: முன்கட்டையும் கார்டும் முழுசா இறுக்கி, கைக்காப்பும் வளையமும் இல்லாம, துப்பாக்கியை வைஸில் மெத்தை வச்சுப் பிடிங்க. மூக்குத் தாங்குமிடத்தில் குழலுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு தாள் துண்டு. குழல் முனையில் கயிறு சுருக்கி, தராசால் மரத்தை விட்டு விலகும் திசையில் இழுங்க. தாள் கையோட வர்ற நொடியில் தராசு என்ன காட்டுதோ அதுதான் அழுத்தம். மூணு முறை இழுத்துச் சராசரி.

அதிகமா இருந்தா மூக்கு இடத்தை ரெண்டு சீவு, அளவு, ரெண்டு சீவு. குறைவா இருந்தா மூக்கில் மெல்லிய மரத் துண்டு ஒட்டிச் சீவலாம். ஆனா அதுக்கு முன்னாடி பின்முனையைத் திரும்பப் பாருங்க, பெரும்பாலும் தப்பு அங்கே. குழல் பக்கவாட்டில் காடியின் சுவரைத் தொட்டா அந்தச் சுவரைத்தான் சீவணும், தாங்குமிடத்தை இல்லை. அது உங்க முதல் கேள்வியின் சாய்வு.

இன்னொரு வழியும் உண்டு, நடுவில் தாங்குற மாதிரி. இலக்குப் போட்டிக்காரர்கள் செய்வது. பழைய ராணுவ அமைப்புக்குத் திரும்புறதுதான் நோக்கம்னா அதில் இறங்காதீங்க.

ஜனவரி 29 | ஒன்டாரியோக் கட்டை

ஒட்டு பிடிச்சது. கறுப்பு ரெண்டு பக்கமும். மூக்கில் 11 பவுண்டு இருந்தது, சீவி 5-க்குக் கொண்டு வந்தேன். காலர் இருந்தது, ஆனா பொட்டலத்தில் ரெண்டு. எது?

ஜனவரி 29 | உளிச்சத்தம்

ரெண்டையும் போட்டுப் பாருங்க, சட்டுனு நிக்கிறது உங்களுடையது. மற்றதைப் பத்திரமா வைங்க. மரம் ஒரு வருஷத்தில் கொஞ்சம் சுருங்கும், அப்போ குட்டையானது தேவைப்படலாம்.

அது நினைவுபடுத்துது. கனடாக் குளிரில் ஹீட்டர் ஓடுற வீட்டில் காத்து வறண்டு கிடக்கும். மரம் நாருக்குக் குறுக்கே சுருங்கும். ஜனவரியில் கச்சிதமா பொருத்தினது ஜூலையில் உப்பிப் பிடிக்கும். ஜூலையில் பொருத்தினது ஜனவரியில் ஆடும். செட் வந்ததும் ரெண்டு வாரம் அதே அறையில் பிரிச்சுப் போட்டுட்டு வேலையை ஆரம்பிங்க. கோடையில் மூக்கு அழுத்தத்தை ஒரு முறை அளந்து குறிச்சு வைங்க.

பிப்ரவரி 2 | பராக்பூர்

இங்கே யாரும் இஷாப்பூர் பற்றிச் சொல்லலையே. முன்கட்டையில் குறுக்கா ஒரு ஸ்க்ரூ தெரியுதே, அதைக் கழட்டி மரத்தால் அடைக்கலாமா? அசல் பிரிட்டிஷ் கட்டையில் அது இல்லையே.

பிப்ரவரி 2 | உளிச்சத்தம்

அசல் இஷாப்பூரில் அது இருக்கு, அதுதான் அதன் அடையாளம். குழலின் தடித்த பகுதிக்கு அடியில் மரம் ரெண்டா விரியாம பிடிக்கிறதுக்காகக் குறுக்கே போட்ட ஸ்க்ரூ. அடைச்சா வலிமையும் போகும், வரலாறும் போகும். அதே மாதிரி முன்கட்டையில் செம்புக் கம்பி இறுக்கிச் சுத்தி ஈயம் பூசின துப்பாக்கி வந்தா, அது கையெறி குண்டு ஏவுறதுக்காக பலப்படுத்தினது. கம்பியைப் பிரிக்காதீங்க. ஒரு முறை பிரிச்சா அந்த இறுக்கத்தில் திரும்பக் கட்ட முடியாது.

இஷாப்பூரின் 2ஏ, 2ஏ1 மாடல் ரெண்டும் 7.62 மி.மீ. தோட்டாவுக்கு, 1960-களில் புதுசா செய்தது. பார்க்க நம்பர் 1 மாதிரியே இருந்தாலும், மற்ற லீ-என்ஃபீல்டுகளின் .303 தோட்டா இதுக்கு இல்லை. தாங்குமுக வேலை அதே முறைதான். இந்தியாவில் இருந்து படிக்கிறவங்களுக்கு: அங்கே .303 தடைசெய்யப்பட்ட வகை, இந்த இழை முழுக்க அனுமதிச் சீட்டு வச்சிருக்கும் கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் ஆட்களுக்கானது.

பிப்ரவரி 6 | ஒன்டாரியோக் கட்டை

இப்போவாவது தேய்க்கலாமா? பின்கட்டையில் நசுங்கல் ஏழெட்டு, எண்ணெய் ஏறி தார் மாதிரி கறுப்பு.

பிப்ரவரி 6 | சுத்தியல்

அடுப்பு சுத்தம் பண்ற ஸ்ப்ரே அடி. பத்து நிமிஷத்தில் வெளுத்துடும்.

பிப்ரவரி 7 | உளிச்சத்தம்

அது காரம். மரத்தின் மேல் நாரைத் தின்னும், வால்நட்டைச் சாம்பல் கலந்த கறுப்பாக்கும், உள்ளே போனது எளிதில் வெளியே வராது. வெளுத்த மாதிரி தெரிவது முதல் நாள் மட்டும்.

சீமைச் சுண்ணாம்புத் தூள், அதாவது சாக்குக்கட்டிப் பொடி. அதை மினரல் டர்பன்டைனில் இட்லி மாவுப் பதத்துக்குக் கரைச்சு, கட்டை மேலே அரை சென்டிமீட்டர் அப்புங்க. காயக் காயப் பொடி பழுப்பா மாறும், எண்ணெயை இழுக்குது. தட்டி உதிர்த்து, திரும்ப. மூணு நாலு முறை. தார் முழுசா போகாது, போகவும் வேண்டாம். எண்பது வருஷத்து நிறம் கொஞ்சம் இருக்கணும்.

நசுங்கலுக்கு நீராவி. ஈரப் பருத்தித் துணியை மடிச்சு நசுங்கல் மேல் வச்சு, இஸ்திரிப் பெட்டியின் முனையால் அஞ்சு பத்து நொடி. ஸ்ஸ்னு சத்தம் அடங்கினதும் எடுங்க. துணியைத் திரும்ப நனைங்க. நசுங்கினது நார் அமுங்கியது மட்டும்தான், ஊறினா எழும்பும். நார் வெட்டுப்பட்டிருந்தா எழும்பாது, அதை விட்டுடுங்க. முத்திரை குத்தின இடத்துக்குப் பக்கம் நீராவி வேண்டவே வேண்டாம். முத்திரையும் ஒரு நசுங்கல்தான், அதுவும் எழும்பிடும்.

உப்புத்தாள்: இல்லை. தேய்ச்சா முத்திரை மங்கும், பின்தகட்டின் ஓரம் மரத்தை விடத் துருத்தி நிக்கும், வளையம் தொளதொளன்னு ஆகும். நீராவியால் எழும்பின நார் மயிரை மட்டும் காஞ்ச பிறகு மெல்லிய எஃகுக் கம்பளியால் நாரோட்டத்தில் தடவுங்க.

பிப்ரவரி 7 | நீலமலை

எண்ணெய் எது? வீட்டில் நல்லெண்ணெய் இருக்கு, விளக்கெண்ணெயும் இருக்கு.

பிப்ரவரி 7 | சுத்தியல்

நல்லெண்ணெய் தலைக்கு. விளக்கெண்ணெய் வயித்துக்கு.

பிப்ரவரி 8 | உளிச்சத்தம்

சுத்தியல் இந்த ஒரு தடவை சரியா சொல்லிட்டார். அது ரெண்டும் முழுசா காயாது. பிசுபிசுன்னு தூசு பிடிச்சே கிடக்கும். காய்ந்து இறுகும் எண்ணெய் வேணும்: ஆளிவிதை எண்ணெய். பிரிட்டிஷ் ராணுவம் போட்டது பச்சை ஆளிவிதை எண்ணெய். கடையில் "காய்ச்சியது"ன்னு விற்கிறது உலர்த்திகள் கலந்தது, சீக்கிரம் காயும். ரெண்டும் பரவாயில்லை, பச்சைக்குப் பொறுமை அதிகம் வேணும்.

முதல் ரெண்டு கோட்டு பாதி எண்ணெய், பாதி டர்பன்டைன். உள்காடி, ஸ்க்ரூத் துளை, ட்ராஸ் முகம், பின்தகட்டுக்கு அடியில் இருக்கும் வெட்டுமுனை, எல்லா இடமும். வெட்டுமுனை நாய் தண்ணி குடிக்கிற மாதிரி குடிக்கும், குடிக்க விடுங்க. அரை மணி கழிச்சு மேலே நிக்கிற எண்ணெயை முழுசா துடைங்க. துடைக்காம விட்டா பிசினா காயும், அதைச் சுரண்டி எடுக்கணும். அடுத்த கோட்டு குறைஞ்சது ஒரு நாள் கழிச்சு. மூணாவதிலிருந்து வெறும் எண்ணெய், உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்ச்சு. வார்னிஷ், பாலியுரித்தேன் பக்கம் போகாதீங்க.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீங்க. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு விடும். சுருட்டின துணிக்குள் சூடு சேர்ந்து தானாகவே பத்திக்கும். நெருப்பு வேண்டாம், தீக்குச்சி வேண்டாம். விரிச்சு வெளியே காயப் போடுங்க, இல்லைன்னா மூடி போட்ட தகர டப்பாவில் தண்ணிக்குள்.

பிப்ரவரி 9 | உளிச்சத்தம்

யோசிச்சுப் பார்த்தேன். ட்ராஸ் முகத்துக்கு எண்ணெய் விடச் சொன்னது கடைசிப் பொருத்தத்துக்கு அப்புறம்தான். முன்னாடி விட்டா கரி வழுக்கிப் பொய் சொல்லும். ஒட்டுத் துண்டு வச்ச பக்கம் எபாக்ஸி கோட்டில் எண்ணெய் போகாது, அது பரவாயில்லை.

பிப்ரவரி 20 | ஒன்டாரியோக் கட்டை

கைக்காப்பு மாட்டினேன். பின் கைக்காப்பு இறுக்கமா குழலைத் தொடுது. வளைச்சு உள்ளே தள்ளலாமா?

பிப்ரவரி 20 | உளிச்சத்தம்

தள்ளினா பின்பக்கக் காதுகள் உடையும், அந்தப் பகுதி தாள் மாதிரி மெலிசு. உள்பக்கம் கரி தடவி, தொடும் இடத்தை வட்டச் சுரண்டியால் எடுங்க. கைக்காப்பு குழலைத் தொடவே கூடாது. வளையங்கள் போட்டு இறுக்கின பிறகு மூக்கில் அழுத்தத்தைத் திரும்பச் சோதிங்க. கைக்காப்பு இல்லாம 5 பவுண்டு இருந்தது, வளையம் இறுக்கினதும் மாறினா வளையம் குழலைக் கவ்வுதுன்னு அர்த்தம்.

செட்டோட துப்பாக்கி போல்ட் ஒண்ணு சேர்த்து வந்திருந்தா அதைப் போடாதீங்க. போல்ட் உங்க பாடிக்குப் பொருத்தினது, எண் ஒத்துப் போகணும். மாத்தினா ஹெட்ஸ்பேஸ், அதாவது அடைச்ச போல்ட்டுக்கு முன்னால் தோட்டா உட்காரும் இட அளவு, மாறும். கேஜ் வச்சு அளக்கத் தெரிஞ்ச துப்பாக்கிப் பணியாளரிடம் காட்டாம ஒரு ரவுண்டும் போடக் கூடாது. அறுக்கப்பட்ட துப்பாக்கி எந்தக் கைகளில் இருந்ததுன்னு தெரியாததால், போல்ட் எண் ஒத்திருந்தாலும் முதல் சுடுதலுக்கு முன்னாடி ஒரு தடவை காட்டிடுங்க.

மார்ச் 16 | ஒன்டாரியோக் கட்டை

காட்டினேன். கேஜில் சரி. இருபது ரவுண்டு சுட்டு, கட்டையைக் கழட்டி ட்ராஸைப் பார்த்தேன். ரெண்டு முகத்திலும் மெல்லிய பளபளப்பு, ஒரே அளவு. ஒட்டுத் துண்டு அசையலை. மூக்கில் 4½ பவுண்டு.

மார்ச் 16 | உளிச்சத்தம்

அரை பவுண்டு இறங்கியிருக்கு, மரம் அமர்ந்திருக்கு. முன் ஸ்க்ரூவைத் திரும்ப ஒரு முறை இறுக்கிட்டு ஜூலையில் அளங்க. L பின்கட்டையை என்ன பண்ணினீங்க?

மார்ச் 17 | ஒன்டாரியோக் கட்டை

S ஒண்ணு கிடைச்சது. பிர்ச். மற்றதெல்லாம் வால்நட்.

மார்ச் 17 | சுத்தியல்

கட்டைக்குக் கட்டை வேற நிறமா? போர்க் கால லாங் பிராஞ்ச்னு சொல்லிச் சமாளி.